உருளைக்கிழங்கும் கருகல் நோயும்

ஐப்பசி பிறந்து, மழைக்காலத்துப் புழுக்கம் நீங்கியதும், தில்லியிலும் கங்கைச் சமவெளியெங்கும் வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி நிலம் உடையவர்கள் உருளைக்கிழங்கு ஊன்றத் தொடங்குகின்றனர். சந்தையில் வாங்கியதில் சமையலுக்குப் போக எஞ்சிய கிழங்கு முளை கண்டிருந்தால், அதையே மண்ணில் புதைத்துவிடுவது பலருடைய வழக்கம். பெரும்பாலான ஆண்டுகளில் அதுவும் ஓரளவு விளையத்தான் செய்கிறது. ஆனால் மார்கழியில் வானம் மூடிக்கொண்டு, மூன்று நான்கு நாட்கள் தூறலும் பனிமூட்டமுமாக இருந்துவிட்டால், இலையோரங்களில் நீரில் நனைந்தாற்போன்ற புள்ளிகள் தோன்றுகின்றன. அவை பழுத்துப் பின் கருகுகின்றன. விடியற்காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் வெண்பஞ்சு போன்ற பூசணம் மெல்லப் படர்ந்திருக்கக் காணலாம். ஒரு வாரத்துக்குள் பாத்தி முழுவதும் வெந்நீர் ஊற்றியது போல் சாய்ந்துவிடுகிறது. வட இந்திய உழவர்கள் இதனை 'ஜுல்ஸா' என்கின்றனர். பொசுங்கியது என்பது அதன் பொருள். தமிழில் 'பின்பருவ இலைக்கருகல் நோய்' என்று வழங்குகிறோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இந்தப் 'பின்பருவம்' என்னும் அடைமொழி சற்று உறுத்துகிறது. மேனாடுகளில் இந்நோய் கோடையின் பிற்பகுதியில் தோன்றுவதால் அப்பெயர் பெற்றது. நம் மலைநாடுகளிலோ பருவமழை இறங்கிய அன்றே இது வந்துவிடும். பயிரின் பருவத்தைப் பார்ப்பதில்லை. பெயரை நம்பி, 'இன்னும் நாள் இருக்கிறது' என்று வாளா இருப்பவர்கள் ஏமாறுவர். ஆதலால் இவ்வுரையில் கருகல் என்றே சொல்லிச் செல்வோம்.

உருளைக்கிழங்கு நம் நாட்டுக்கு வந்த வரலாற்றிலும் பெயர்க் குழப்பம் உண்டு. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிராகி வந்த இக்கிழங்கை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தனர். ஆனால் 'படாட்டா' என்னும் சொல் முதலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கையே குறித்தது. ஆகவே, ஜஹாங்கீர் காலத்தில் ஆசப்கான் அளித்த விருந்தில் பரிமாறப்பட்டதாக டெர்ரி என்னும் ஆங்கிலப் பாதிரியார் எழுதிவைத்த கிழங்கு எது என்பது பற்றி அறிஞர்களிடையே ஐயம் நிலவுகிறது. வடமொழியில் 'ஆலு' என்பதும் வேறு கிழங்குகளுக்கு முன்பே வழங்கிய பெயர்தான். ஐயத்துக்கு இடமில்லாத செய்தி, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இது மலைநகரங்களின் தோட்டங்களில் வேரூன்றிவிட்டது என்பதே. நீலகிரியில் ஜான் சல்லிவன் 1820களில் இதனைப் பயிரிடச் செய்தார். மேலை இமயத்தின் அடிவாரங்களிலும் ஏறத்தாழ அக்காலத்திலேயே இது பரவியது.

இங்கே நேயர்கள் ஒரு நுட்பத்தைக் கருத்தில் கொள்ளவேண்டும். நாம் 'விதைக்கிழங்கு' என்கிறோம்; உண்மையில் அது விதையன்று. பூவின் மகரந்தம் சேர்ந்து காய்த்து, அக்காயினுள் உண்டாவதே விதை. உருளைச் செடியும் பூத்துத் தக்காளிப் பிஞ்சு போன்ற காய் காய்ப்பதுண்டு. ஆனால் பயிரிடுவோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. கிழங்கை நட்டுக் கிழங்கை எடுக்கின்றனர். அவ்வாறு வந்த செடி தாய்ச்செடியின் பிள்ளையன்று, அத்தாய்ச்செடியேதான். ஒரே வகையை ஆயிரம் வயல்களில் நட்டால், ஆயிரம் வயல்களிலும் நிற்பது ஒரே செடி. அச்செடிக்கு ஒரு நோயைத் தாங்கும் ஆற்றல் இல்லையெனில், எந்த வயலிலும் இல்லை.

இதன் விளைவை அயர்லாந்து தேசம் அனுபவித்தது. அங்கே நல்ல நிலத்தில் விளைந்த தானியம் நிலப்பிரபுக்களின் குத்தகைக்குப் போயிற்று. ஏழைக் குடியானவனுக்கு எஞ்சிய துண்டு நிலத்தில், ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் சோறு போடவல்ல பயிர் உருளைக்கிழங்கு ஒன்றே. அதிலும் வளமற்ற மண்ணில் மிகுதியாக விளையும் 'லம்பர்' என்னும் ஒரு வகையையே பெரும்பாலோர் நம்பியிருந்தனர். 1845ஆம் ஆண்டுக் கோடையில் பெல்ஜியத்தில் காணப்பட்ட கருகல், செப்டம்பரில் அயர்லாந்தை அடைந்தது. அவ்வாண்டு விளைச்சலில் ஒரு பகுதி அழிந்தது. 1846இல் ஏறத்தாழ முழுவதும் போயிற்று. 1841ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 80 லட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை, 1851இல் 65 லட்சமாகக் குறைந்தது. ஏறத்தாழ 10 லட்சம் பேர் பட்டினியாலும் அதனைத் தொடர்ந்த காய்ச்சல்களாலும் மாண்டனர். அதே அளவினர் கப்பலேறினர். பஞ்சம் நிலவிய அவ்வாண்டுகளிலும் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன. கிழங்கைக் கொன்றது நோய். மக்களைக் கொன்றதில் ஆட்சியாளரின் பங்கு சிறிதன்று என்பதே நம் துணிபு. பஞ்ச நிவாரணச் செலவைக் கையிறுக்கிப் பிடித்தவர் என்று ஐரிஷ் மக்கள் இன்றளவும் மறவாத சார்லஸ் டிரவெல்யன், பின்னர் 1859இல் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்தவரே. கல்கத்தாவிலிருந்து அயர்லாந்துக்கு நன்கொடை திரட்டி அனுப்பப்பட்டதையும் உடன் சொல்லவேண்டும்.

நோயின் காரணம் அன்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஈரம் மிகுந்ததால் கிழங்கு அழுகிற்று, அழுகலில் பூசணம் தோன்றிற்று என்றே அறிஞர் பலர் கருதினர். பூசணமே காரணம், அழுகல் அதன் விளைவு என்று 1846இல் வாதிட்டவர் பெர்க்லி என்னும் ஆங்கிலப் பாதிரியார். அதனைச் சோதனையால் நிலைநாட்டியவர் ஜெர்மானிய அறிஞர் டி பாரி. அவர் 1876இல் இவ்வுயிரிக்கு 'பைட்டாப்தோரா' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'செடிகொல்லி' என்பது அதன் பொருள். மருந்து கிடைத்தது தற்செயலாக. பிரான்சு தேசத்தின் போர்டோ வட்டாரத்தில், சாலையோரத் திராட்சையைத் திருடர் பறிக்காதிருக்கும்பொருட்டு, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துக் கொடிகளின் மேல் தெளிப்பது வழக்கம். அப்படித் தெளித்த கொடிகள் மட்டும் அடிச்சாம்பல் நோயினின்று தப்பி நிற்பதை மில்லார்டே என்னும் பேராசிரியர் கண்டார். 1885இல் அவர் வெளியிட்ட அக்கலவை, உருளைக்கிழங்குக் கருகலுக்கும் தடுப்பாயிற்று. திருடனுக்கு அஞ்சிச் செய்த காரியம் உலகத்து உழவர்க்கு உதவிற்று!

இதற்குள் நோய் இந்தியாவை எட்டிவிட்டது. 1870க்கும் 1880க்கும் இடையே நீலகிரியிலும், 1883இல் டார்ஜிலிங்கிலும், அந்நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துச் சமவெளியான ஹூக்ளி மாவட்டத்திலும் இது காணப்பட்டது. சமவெளிக்கும் மலைக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. சமவெளியின் கடுங்கோடையில் நோய்க்கிருமி மண்ணில் தங்கிப் பிழைப்பது அரிது. ஆண்டுதோறும் அது புதிதாக, பெரும்பாலும் நாமே கொண்டுவந்து நடும் நோயுற்ற கிழங்கினுள் இருந்து, கிளம்புகிறது. நீலகிரியிலோ நிலைமை வேறு. ஏப்ரல் வாக்கில் ஊன்றும் கார்போகம், ஆகஸ்டு வாக்கில் ஊன்றும் கடைபோகம், ஜனவரி வாக்கில் ஊன்றும் நீர்போகம் என்று மூன்று போகமும் அங்கே உருளைக்கிழங்கு உண்டு. ஒரு போகத்தின் இலை காயும் முன் அடுத்த போகத்தின் இலை துளிர்த்துவிடுகிறது. நோய்க்கு அங்கே பட்டினி நாளே இல்லை.

நோய் தாங்கும் கிழங்கைத் தேடியோரில் முதலில் குறிப்பிடத்தக்கவர் பெல்பாஸ்ட் நகரத்துத் திராட்சைமது வணிகரான ஜேம்ஸ் டார்பிட். 1870களில் அவர் செடிகளை ஒன்றோடொன்று கலந்து, விதையிலிருந்து நாற்றெழுப்பி, கருகாது நிற்பவற்றைப் பொறுக்கினார். முதுமையடைந்திருந்த சார்லஸ் டார்வின் தம் கைப்பணம் கொடுத்தும், பிறரிடம் கடிதம் எழுதி உதவி நாடியும் அவரை ஊக்கினார். ஆயினும் ஐரோப்பியக் கிழங்குகளைத் தமக்குள்ளேயே கலந்ததால் பெரும்பயன் விளையவில்லை. இல்லாத குணத்தை எங்கிருந்து பொறுக்குவது?

விடை ஒரு வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்தது. ரெட்கிளிப் சாலமன் என்னும் லண்டன் மருத்துவர் 1903இல் காசநோயுற்றுத் தொழிலைத் துறந்து, ஹெர்ட்போர்டுஷயர் மாவட்டத்தில் பார்லி என்னும் சிற்றூரில் குடியேறினார். மெண்டலின் பாரம்பரிய விதிகள் அப்பொழுதுதான் மீண்டும் கண்டறியப்பட்டிருந்தன. பொழுதுபோக்காக எந்தச் செடியில் அவற்றைச் சோதிக்கலாம் என்று எண்ணியவர் தம் தோட்டக்காரரைக் கேட்க, அவர் உருளைக்கிழங்கைச் சொன்னார். பயிரிடப்படும் வகைகளோடு காட்டுச் செடிகளையும் சாலமன் தோட்டத்தில் வளர்த்துவந்தார். கருகல் கொண்டுபோன ஓராண்டில், மற்றவையெல்லாம் சாய, காட்டு இனத்தின் வழிவந்த சில நாற்றுகள் பச்சென்று நின்றன. 1909ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் கண்ட இவ்வுண்மையே பிற்காலக் கலப்பின முயற்சிகளுக்கு அடிப்படை. மெக்சிகோ நாட்டு மலைகளில் தானே வளரும் 'சொலானம் டெமிஸ்ஸம்' என்னும் செடி அவற்றுள் தலையாயது. கோலிக்குண்டு அளவு கிழங்குதான் வைக்கும். ஆனால் நெடுங்காலம் கருகலோடு ஒரே மலையில் வாழ்ந்து பழகியது. அதனை நல்ல கிழங்குச் செடியோடு கலந்து, பிறந்த பிள்ளையை மீண்டும் மீண்டும் நல்ல கிழங்கோடு கலந்து, உருவத்தில் தாயையும் உறுதியில் காட்டு மூதாதையையும் ஒத்த வகைகளைப் பெறுவது பல நாட்டு ஆய்வாளரின் பணியாயிற்று.

நம் நாட்டில் இப்பணிக்கு ஓர் இடையூறு இருந்தது. சமவெளியின் குளிர்காலத்தில் பகற்பொழுது குறுகியது. அங்கே உருளைச் செடி பூப்பதே அரிது. பூவின்றிக் கலப்பு ஏது? ஆகவே சிம்லாவை அடுத்து, சுமார் 2,500 மீட்டர் உயரத்திலுள்ள குப்ரி என்னும் சிற்றூர் இதற்கு ஏற்ற இடமாயிற்று. அங்கே நீண்ட கோடைப் பகலில் செடி பூத்துக் காய்க்கும். மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1949இல் பாட்னாவில், டாக்டர் எஸ். இராமானுஜம் அவர்களை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கப்பெற்றது. 1956இல் அது சிம்லாவுக்கு மாற்றப்பட்டதற்கு முக்கியமான காரணம் இதுவே. 1957இல் உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் அதன் கிளை நிலையம் ஏற்பட்டது. இந்நிலையம் வெளியிடும் வகைகளின் பெயர்கள் 'குப்ரி' என்று தொடங்குவது அச்சிற்றூரை நினைந்தே.

1968இல் வெளியிடப்பெற்ற 'குப்ரி ஜோதி' மலைநாட்டு உழவர்க்கு உண்மையில் ஒரு ஜோதியாகவே வந்தது. அது கருகலைத் தாங்கிற்று. விரைவில் கிழங்கு பருத்தது. கிழங்கும் வெண்மையாக, கண்கள் ஆழமின்றி, உரிப்பதற்கு எளிதாக இருந்தது. மலைக்கென வந்த வகை சமவெளியிலும் இறங்கிப் பரவியது. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஜோதியின் வயல்களிலும் கருகல் தோன்றலாயிற்று. கிழங்கு மாறவில்லை. முன்பு சொன்னபடி அது அதே செடிதான். மாறியது நோய்க்கிருமி.

இம்மாற்றத்தின் வகையைச் சற்று விளக்குவோம். டெமிஸ்ஸம் இனத்திலிருந்து பெற்ற வன்மை பெரும்பாலும் ஒற்றை மரபணுக்களைச் சார்ந்தது. அது கோட்டைக்கு ஒரே வாயில் வைத்தாற்போல. கதவு சாத்தியிருக்கும் வரை பகைவன் ஒருவனும் நுழையான், கதவின் தாழைத் திறக்கக் கற்ற ஒருவன் தோன்றிவிட்டால் அவன் கூட்டம் முழுவதும் உள்ளே வந்துவிடும். கருகல் கிருமி நாலைந்து நாளுக்கு ஒரு தலைமுறை காண்பது. ஒரு குளிர்காலத்துக்குள் கோடானுகோடி வித்துகளை உதிர்ப்பது. அவற்றுள் திறக்கத் தெரிந்தது ஒன்று பிறக்க அதிக காலம் ஆவதில்லை. மற்றொரு வகை வன்மை உண்டு. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து தருவது, முள்வேலி போன்றது. நோய் அறவே வராமல் தடுக்காது. வந்த நோயைத் தாமதப்படுத்தும். வயலில் ஒரு வாரத்தில் பரவுவது ஒரு மாதம் எடுக்கும். அதற்குள் கிழங்கு பருத்துவிடும். மெக்சிகோவின் தொலூகா பள்ளத்தாக்கில் நெடுங்காலம் உழைத்த ஜான் நீடர்ஹவுசர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி இவ்வகை வன்மையையே வற்புறுத்தி வந்தார். அவருக்கு 1990இல் உலக உணவுப் பரிசு அளிக்கப்பெற்றது.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. இக்கிருமியில் இரண்டு இணைவகைகள் உண்டு. அவை இரண்டும் ஒருங்கே கூடினால் புதிய கலப்புகள் பிறக்கும். மெக்சிகோவுக்கு வெளியே நெடுங்காலம் ஒன்று மட்டுமே இருந்தது. இரண்டாவது வகை ஐரோப்பாவில் இருப்பது 1984இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் இந்தியாவிலும் கண்டறியப்பட்டது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் தக்காளியையும் உருளைக்கிழங்கையும் கடுமையாகத் தாக்கிய கருகல், ஐரோப்பாவில் முன்பே ஆதிக்கம் பெற்றிருந்த ஒரு புதிய கால்வழியைச் சேர்ந்தது என்று ஆய்வாளர் காட்டினர்.

ஆராய்ச்சி நிலையம் ஜோதியோடு நின்றுவிடவில்லை. வடகிழக்கு மலைகளுக்காக 1989இல் குப்ரி மேகா வந்தது. இமய மலைகளுக்கு 2006இல் குப்ரி ஹிமாலினியும், 2008இல் கருகலை மிக நன்றாகத் தாங்கும் குப்ரி கிரிதாரியும் வந்தன. சமவெளியில் 1979இல் வந்த குப்ரி பாத்ஷாவும், அண்மையில் வந்த குப்ரி மோகனும் ஓரளவு தாங்குவன. நீலகிரிக்கு இரட்டைத் தொல்லை: 1961இல் அங்கே முட்டைக்கூட்டு நூற்புழு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. வேரைத் தின்னும் இப்புழுவின் கூடு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆதலால் புழுவையும் கருகலையும் ஒருங்கே தாங்கும் வகைகள் முத்தோரையின் தனித்தேவை ஆயின. 1985இல் குப்ரி சுவர்ணாவும், பிற்பாடு குப்ரி நீலிமா, குப்ரி சஹ்யாத்ரி ஆகியனவும் அவ்வழி வந்தவையே.

இனி, வீட்டுத் தோட்டத்துக்கு வருவோம். உதகைக்குச் சென்று திரும்பும் உறவினர் ஒரு பை விதைக்கிழங்கு கொண்டுவந்து கொடுப்பதுண்டு. அன்புக்கு நன்றி சொல்லி, அதைக் குழம்பில் இடுவதே நன்று. மேற்கூறிய நூற்புழு கிழங்கில் ஒட்டிய மண்ணோடு பயணம் செய்வது. நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுசெல்வதற்குச் சட்டத்தின் தடை ஏற்பட்டதும் இதனாலேயே. 2018இல் இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம், ஜம்மு காஷ்மீர் ஆகியவற்றின் விதைக்கிழங்குக்கும் இத்தகைய கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. முற்காலத்தில் சமவெளியார் ஆண்டுதோறும் மலையிலிருந்து விதை தருவிக்க வேண்டியிருந்தது. அசுவினிப் பூச்சி பெருகும் முன் குளிர்காலத்திலேயே விதைப்பயிரை எடுத்துவிடும் முறையை டாக்டர் புஷ்கர்நாத் வகுத்துக் கொடுத்த பிறகு, அத்தேவையும் இல்லாது போயிற்று.

வாங்கவேண்டியது சான்று பெற்ற விதைக்கிழங்கு. மூட்டையில் நீலச் சீட்டு தைத்திருக்கும். வகையின் பெயர் அதில் எழுதியிருக்கும். தேசிய விதைக் கழகத்தையோ, மாநில விதைக் கழகத்தையோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ புரட்டாசியிலேயே விசாரித்துவைத்தல் நலம். 3 மீட்டர் சதுரப் பாத்திக்கு 75 கிழங்கு போதும். 40 கிராம் எடையுள்ளதாயின் 3 கிலோ. மூட்டையோ 50 கிலோ. எனவே தெருவில் பத்துப் பதினைந்து வீட்டார் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வதே வழி. அப்படிச் சேர்வதில் வேறொரு பயனும் உண்டு. காற்றில் வித்து பறக்கும் நோய்க்கு வேலி கிடையாது; பக்கத்து வீட்டுப் பாத்தி நலமாயிருந்தால்தான் நம் பாத்தியும் நலமாயிருக்கும்.

ஊன்றுமுன் ஒவ்வொரு கிழங்கையும் கையிலெடுத்துப் பாருங்கள். மேல்தோலில் குழிந்த கருநிறத் தடமும், கீறினால் உள்ளே துருநிறமும் தெரிந்தால் அதை எறிந்துவிட வேண்டும். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 20 சென்டிமீட்டர். செடி ஒரு சாண் உயர்ந்ததும் மண் அணைப்பதில் கஞ்சத்தனம் கூடாது. இலையிலிருந்து மழைநீரோடு இறங்கும் வித்துகள் கிழங்கை எட்டாதபடி தடுப்பது அந்த மண்ணே. தண்ணீரை வாய்க்காலில் விடுங்கள், இலைமேல் தெளிக்காதீர்கள். மாலையில் பாய்ச்சினால் இரவெல்லாம் ஈரம் நிற்கும், காலையில் பாய்ச்சுவது மேல். வெப்பம் 10 முதல் 20 டிகிரிக்குள் இருந்து, இரண்டு நாள் தொடர்ந்து மூடமும் ஈரமும் நீடித்தால், புள்ளி தோன்றும்வரை காத்திராமல் போர்டோ கலவை தெளிக்கலாம். 10 லிட்டர் நீருக்கு 100 கிராம் மயில்துத்தமும் 100 கிராம் சுண்ணாம்பும் அளவு. இரண்டையும் தனித்தனியே மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்கவேண்டும். பளபளப்பான கத்தியை அதில் அமிழ்த்தி எடுத்தால் செம்பு படியலாகாது. படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

நோய் முற்றிவிட்டதெனில் செடியைக் காப்பாற்ற முனையாமல் கிழங்கைக் காப்பாற்றுங்கள். தண்டோடு இலையை அரிந்து அகற்றி, 10 முதல் 15 நாள் கிழங்கை மண்ணிலேயே விட்டுவைத்து, தோல் இறுகிய பின் உலர்ந்த நாளில் தோண்டி எடுக்கலாம். அரிந்த இலையும் அழுகிய கிழங்கும் எருக்குழிக்குப் போகக்கூடாது; குவித்துவைத்த கழிவுக் கிழங்கிலிருந்தே அடுத்த ஆண்டின் முதற்புள்ளி பல தோட்டங்களில் கிளம்புகிறது. ஆழமாகக் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள். தோண்டும்போது தவறிய சிறு கிழங்குகள் தாமே முளைத்து நிற்குமாயின், அவற்றையும் பிடுங்கிவிட வேண்டும்.